பெட்டியில் மணல்

செவ்வாய்

வெயில். சாயங்காலமும் காற்றே இல்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி, படம் ஒன்றும் வரையவில்லை.

அப்பாவோடு திருவாதவூர் சித்தி வீட்டுக்குப் போய் வந்தேன். அப்பா வாங்கியிருக்கிற பெரிய பைக்கில். திரும்பும்போது நாலுவழிச் சாலையில் எண்பது இருக்கும். அப்பா வேகத்தைக் குறைத்தார். உடனே ஹேண்டில் பார் தானாக ஆட ஆரம்பித்தது. இடம், வலம், இடம், வலம், நனைந்த நாய் உதறுகிற மாதிரி. அப்பா முதுகு கல்லாக இறுகியது. பின்னால் லாரி ஹார்ன். கண்ணை மூடிக்கொண்டேன்.

எப்படியோ ஓரம் கட்டினார். தண்ணீர் பாட்டில் மூடியை அவரால் திறக்க முடியவில்லை. நான்தான் திறந்து கொடுத்தேன்.

"அம்மாட்ட சொல்லிறாத பாப்பா."

வில்லாபுரம் வீடு வரைக்கும் நாற்பதிலேயே ஓட்டி வந்தார்.

சொல்லவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில்தான் ரெண்டு பேரும் திருச்சி போகிறார்கள். மாமா புது வீட்டில் பால் காய்ச்சுகிறார். எனக்குத் திங்கள் பரீட்சை, நான் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே வண்டியில். ஏதாவது ஆனால் எனக்கு யார்?

போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அம்மா புரண்டு படுக்கிறாள்.

புதன்

அப்பா ஆட்டத்துக்கு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார். முன்பு லோடு வண்டி ஓட்டியவர். காலி வண்டி குதிக்கும், பின்னால் நாலு மணல் மூட்டை போட்டால் படிந்து ஓடும். அதையே பைக்குக்கும். ரெண்டு பக்கப் பெட்டியிலும் மணல் பை, சீட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருக்கிற பெட்டியிலும் ஒன்று. மணல் எதிர்வீட்டில் கேட்டு வாங்கியது, அங்கே மாடி கட்டுகிறார்கள்.

எதிர்வீட்டுப் பெரியப்பா வாசலில் நின்று பார்த்தார். "என்ன தம்பி, வண்டி மேலயே வீடு கட்டப் போறியா?"

"இப்பப் பாருங்கண்ணே, அம்மிக்கல்லு மாதிரி உக்காரும்."

என்னை ஏற்றிக்கொண்டு ரிங் ரோடு வரை. மெதுவாகப் போனபோது ஒன்றுமில்லை. வேகம் ஏறியதும் முன்சக்கரம் ரோட்டைத் தொடாத மாதிரி ஒரு லேசு. பிறகு ஆட்டம். நேற்றைவிட மோசம்.

அப்பா சொன்ன காரணம்: மணல் பத்தவில்லை.

வியாழன்

மழை வரும்போல இருட்டியது, வரவில்லை. மணல் இன்னும் ஒரு பை.

பஸ்ஸில் போனால் என்ன என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அப்பா காதில் வாங்கவில்லை. அம்மாதான் அடுப்படியில் சொன்னாள். லோடு வண்டிக்காரனையா கட்டப் போற என்று கேட்டவராம் மாமா. கல்யாணத்துக்கே வரவில்லை. வருஷக்கணக்கில் பேச்சில்லை. இப்போது அவராகக் கூப்பிட்டிருக்கிறார். அப்பாவுக்கு அந்த வாசலில் இந்த வண்டியில் போய் இறங்க வேண்டும். அம்மாவுக்கு அண்ணனைப் பார்த்தால் போதும். புடவையை எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். இதில் நான் எப்படி வாயைத் திறப்பது?

பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். வயிறு வலி என்று சொன்னேன்.

வெள்ளி

ஸ்கூல் விட்டு வரும்போது சைக்கிளுக்குக் காற்று. பஞ்சர் கடை முருகேசன் அண்ணனிடம், என் கூடப் படிக்கிற பிள்ளையோட அப்பா வண்டி என்று பொய் சொல்லிக் கேட்டேன்.

"மணலா? ஏன், ஜல்லி கெடைக்கலையாமா?"

பிறகு அவர் சிரிக்கவில்லை. லோடு வண்டிக்கு நாலு சக்கரம், இது ரெண்டில் நிற்கிறது, பின்னால் பாரம் ஏற ஏற முன்சக்கரம் தூக்கும், ரோட்டைப் பிடிக்காது என்றார். உயரத்துப் பெட்டியில் வைப்பது அதைவிடக் கேடு. ஹேண்டில் திரும்புகிற இடத்தில் கோன்செட் என்று பேரிங் இருக்கிறதாம், அது லூசானாலும் ஆடும். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் டக்கென்று கையில் தெரியுமாம்.

செய்ய வேண்டியது:
மணலை எடுக்கணும்
கோன்செட் டைட்
முன் டயர் தேய்மானம் பார்க்கணும்
காற்று, ரெண்டுக்கும் சரியான அளவு
அப்பாவிடம் சொல்லணும் (எப்படி?)

வீட்டுக்கு வந்து தள்ளிப் பார்த்தேன். வண்டி என் மேலேயே சாய்ந்திருக்கும். டக். மறுபடி தள்ளினேன். டக்.

பின்னால் பாரம் ஏற்றினால் முன்சக்கரம் தூக்கும் என்று ஃபிசிக்ஸ் மிஸ் சொன்னதாக அப்பாவிடம் சொன்னேன்.

"உங்க மிஸ்ஸு எம்புட்டு லோடு அடிச்சிருக்காக?"

அவ்வளவுதான். டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

சனி

மதியம் அம்மா புடவையை வைக்கப் பக்கப் பெட்டியைத் திறந்தாள். மணல். என்னைக் கூப்பிட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுகை வந்து பாதி அவளுக்குப் புரிந்திருக்காது. அம்மா பயணத்தை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன்.

"தெரியும்டி. போன வாரம் கொட்டாம்பட்டி போனப்பயும் ஆடுச்சு. பின்னால நாந்தான உக்காந்திருந்தேன்."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"இந்த வண்டிய வாங்குனதுல இருந்து அவுக மொகத்தப் பாத்தியா நீயி?"

பெட்டியை மூடினாள். புடவையை மஞ்சப்பையில் வைத்து, மடியிலேயே வச்சுக்கிறேன் என்றாள்.

எனக்கு மிச்சம் இருந்த நம்பிக்கை அம்மா ஒருத்திதான். அவளும் தெரிந்தே ஏறி உட்காரப் போகிறாள்.

சாயங்காலம் ரெண்டு பேரும் பூவும் பழமும் வாங்க ஆட்டோவில் போனார்கள். ஹேர்பின். முன் டயர் வால்வு. உஸ்ஸென்ற சத்தம் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி இருந்தது. யாரோ வருகிறார்கள் என்று நிறுத்தி, திரும்ப அமுக்கி, திரும்ப நிறுத்தி. பிறகு பின் டயர். அவர்கள் கிளம்புகிற விடியற்காலம் எந்தப் பஞ்சர் கடையும் திறந்திருக்காது.

மீனாட்சித் தாயே, அப்பா என்னை அடிக்கட்டும். எவ்வளவு வேண்டுமானாலும்.

ஞாயிறு, பகல்

இருட்டிலேயே எழுந்தார்கள். தூங்குகிற மாதிரி கிடந்தேன். அப்பா வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிய சத்தம். பிறகு ஒரு சத்தமும் இல்லை. இருக்க முடியாமல் வாசலுக்குப் போனேன்.

குத்தவைத்து முன் டயரை அமுக்கிக்கொண்டிருந்தார். நகர்ந்து பின் டயரையும் அமுக்கினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா வந்து நின்றாள்.

"பஞ்சர்" என்றார் அவளிடம். "பஸ்லயே போயிருவோம்."

ரெண்டு டயரும் ஒரே ராத்திரியில் எப்படி என்று அம்மா கேட்கவில்லை. செருப்பை மாட்டினாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ கிளம்பும்போது அப்பா தலையை வெளியே நீட்டினார்.

"பாப்பா, அந்த மணல எடுத்து எதிர்வீட்டுலயே கொட்டிரு."

மேல்பெட்டியும் ஒரு பக்கப் பெட்டியும் காலி. இன்னொரு பெட்டியின் பூட்டு இறுகிக் கிடக்கிறது. உள்ளங்கை எரிகிறது, எழுத்து கோணல் கோணலாக. ஒரு பாடம்கூடப் படிக்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று இன்னும் போன் வரவில்லை.