காடாத் துணிக் கோட்டு

நேற்று தேரடித் தெருவில் ஒரு கடையில் நம் பேத்தியின் மானத்தை வாங்கிவிட்டேன். அவளுக்குக் கீழ்பென்னாத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் மோட்டார் சைக்கிளில்தான் போய்வரப் போகிறாளாம். அதற்கு ஒரு ஜாக்கெட் எடுக்கப் போனோம். கடைக்காரர் வலை வைத்தது, முழங்கையில் மெத்தை வைத்தது என்று நாலைந்தை மேசைமேல் குவித்தார். "வெயிலுக்குன்னே வந்தது சார், காத்து சும்மா பூந்து பூந்து போகும்" என்றார். நான் ஒன்றை எடுத்து, வாயில் வைத்து, பலம் கொண்ட மட்டும் ஊதினேன். மறுபக்கம் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். பேத்தி "தாத்தா!" என்று பல்லைக் கடித்தாள். நாற்பது வருஷத்துக்கும் முன்னால் இதே தெருவில் நீ இப்படி ஊதியபோது நானும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

எழுபதுகளின் கடைசி அது. நான் கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். பசு வயிற்றில் கன்று குறுக்கே நிற்கிறது என்று ஆள் வந்தால் மத்தியானம் என்று பார்க்க முடியாது, மோட்டார் சைக்கிளை எடுத்தே ஆக வேண்டும். அந்த மிடுக்கில் ஆம்பூர்ப் பக்கம் போகிற ஒருவரிடம் சொல்லிவைத்து, கறுப்பில் ஒரு தோல் கோட்டு வாங்கினேன். போட்டுக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றேன். மேலும் கீழும் பார்த்தாய். "எருமைக்கு வைத்தியம் பாக்கப் போறீங்களா, எருமையாவே போறீங்களா?" என்றாய்.

அந்தச் சித்திரையில் அடி அண்ணாமலையில் ஒரு பசுவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது தலை சுற்றியது. வண்டியோடு சரிந்துவிட்டேன். கோட்டைக் கழற்றித் தண்ணீர் தெளித்துத்தான் என்னை எழுப்பினார்கள். மறுநாள் தோல் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, அரைக்கைச் சட்டையோடு கிளம்பினேன். நீ வாசலை மறித்தாய்.

"தோலு போட்டதாலதான் மயங்கி விழுந்தீங்க. தோலு இருந்ததாலதான் கை உரியாம வந்தீங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும், நான் தேடறேன்."

"அதுவரைக்கும் பஸ்ல போறதா? நான் போறதுக்குள்ள மாடு செத்துப் போயிடும்."

"மாடும் பொழைக்கட்டும். சாயந்தரம் ஆறு மணிக்கு நீங்களும் வாசல்ல வந்து நிக்கணும். எனக்கு அது போதும்."



நீ தேடிய இடம் யாருக்கும் தோன்றாது. நீ டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ் ஜன்னல் வழியாக மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலைக்குக் களை வெட்டுகிற பெண்களைத் தினமும் பார்த்திருக்கிறாய். உச்சி வெயிலில் புடவைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை. ஒருநாள் வழியிலேயே இறங்கி, வரப்பில் நடந்து போய்க் கேட்டுவிட்டாய். அவர்களில் ஒருத்தி சிரித்தாளாம். "வெயிலு ஒடம்புல பட்டாத்தான்மா எரியும். சட்ட தொளதொளன்னு இருந்தா வேர்வ காயறப்போ ஜில்லுன்னு இருக்கும். ஜாஸ்தி எரிஞ்சா மோட்டார் கொட்டாய்த் தண்ணியில நனைச்சுப் போட்டுக்குவோம்." பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போனாய். தலைமை ஆசிரியரிடம் காரணத்தை அப்படியே சொன்னாயாம். எனக்கு அந்தத் துணிச்சல் எந்த ஜென்மத்திலும் வராது.

பிறகுதான் தேரடித் தெரு. ரெக்ஸினை ஊதினாய், நைலானை ஊதினாய், இரண்டையும் தள்ளிவிட்டாய். "மூச்சு அந்தப் பக்கம் வரலன்னா உள்ள இருக்கறவரு வெந்துடுவாரு" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தாய். கடைசியில் நீ எடுத்தது மலைமேல் தீபத்துக்குத் திரி முறுக்குகிற அதே காடாத் துணி. தொளதொளவென்று வெட்டினாய். தோளிலும் முழங்கையிலும் நாலு மடிப்பு வைத்து, நடுவில் பழைய ஜமக்காளத் துண்டைக் கொடுத்துத் தைத்தாய். இரண்டு ஊசி உடைந்தது. அக்குளைத் தைக்காமல் திறந்தே விட்டாய்.

மருந்தகத்தில் சிரிப்புத் தாங்கவில்லை. "அண்ணாமலையார் திரியப் போட்டுக்கினு வர்றாரு பாரு" என்றார்கள். ஆனால் நனைத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினால், காற்றில் முதுகு குளிர்ந்த சுகம் இருக்கிறதே! அடுத்த கோடையில் சிரித்தவர்களில் இரண்டு பேர் அளவு கொடுக்க நம் வீட்டுக்கே வந்தார்கள்.

ஆறு மணிக்கு நான் வாசலில் நின்றதும் முதலில் கழுத்துப்பட்டையைத் தொட்டுப் பார்ப்பாய். ஈரம் இருந்தால் நேரே உள்ளே போய்விடுவாய். காய்ந்திருந்தால், "எங்கயும் நிக்கல, இல்ல?" என்பாய். வண்டியை நிறுத்தி நனைக்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வழியே இருந்ததில்லை.

எண்பதுகளில் ஒருமுறை நாய் குறுக்கே வந்து மறுபடி விழுந்தேன். இடது முழங்கையில் துணி நார்நாராகப் போயிருந்தது, தோலில் ஒரு கீறல் இல்லை. "கோட்டு வீணாப் போச்சே" என்று வருத்தப்பட்டேன். நீ என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது கிழியறதுக்குத்தான் தைச்சேன்" என்றாய். மறுநாள் அந்த இடத்தில் காக்கித் துணி வைத்து ஒட்டுப் போட்டுவிட்டாய். எத்தனையோ பேரைக் கெட்டிக்காரர்கள் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மட்டும் ஒருநாளும் அதைச் சொல்லவில்லை. இப்போது உன் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

நேற்று ஊதிப் பார்த்து எடுத்த ஜாக்கெட்டைத்தான் பேத்தி இன்று போட்டுக்கொண்டு போனாள். உள்ளே காடாத் துணியில் ஒரு சட்டையும் கொடுத்து, தண்ணீர் கண்ட இடத்தில் நிறுத்தி நனைத்துக்கொள் என்று சொல்லியிருந்தேன். "சரி தாத்தா, சரி தாத்தா" என்று தலையாட்டினாள். ஐந்தரையிலிருந்து நான் வாசலில்தான் நின்றேன். அந்த நேரத்தில் தெரு எவ்வளவு நீளம் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. ஆறு மணிக்குச் சற்று முன்னால் வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் என் கை தானாகப் போய்ச் சட்டையின் கழுத்துப்பட்டையைத் தொட்டது. காய்ந்து கிடந்தது.

"எங்கயும் நிக்கல, இல்ல?"

அவள் திடுக்கிட்டு நின்றாள். "எப்படித் தாத்தா கண்டுபிடிச்ச?"

உள்ளே போய் உன் பாட்டியைக் கேள் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.