ஒன்பது ஈசிஜி தாள்கள்

டாக்டரம்மா, நேற்று பீரோவைச் சுத்தம் செய்த என் மனைவி சபீனா, ஒரு கட்டு ஈசிஜி தாள்களை எடுத்து என் மடியில் போட்டாள். ஒன்பது. மூன்றே மாதத்தில் எடுத்தவை. கோடுகள் மங்கிவிட்டன; ஓரத்தில் நீங்கள் பேனாவால் எழுதிய ‘நார்மல்’ மட்டும் அப்படியே இருக்கிறது.

அப்போது கடத்தூரில் என் பாத்திரக் கடையைவிட உங்கள் கிளினிக்கில்தான் அதிகம் இருந்தேன். நெஞ்சு படபடப்பு, பிடரி வலி, வயிற்று எரிச்சல் என்று வாரம் ஒரு புது நோவு. நர்ஸ் என்னைக் கண்டதும் சிரிப்பை அடக்குவார். நீங்கள் ஒருநாளும் சிரித்ததில்லை.

ஒன்பதாவது தாளைப் பார்த்துவிட்டு, ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள்.

“இதயம் நல்லா இருக்குது பாய். நீங்க நல்லா இருக்கீங்களா?”

“வூட்ல ஒரு குறையும் இல்லீங்க. யாவாரமும் பரவால்லீங்க,” என்றேன். நீங்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தீர்கள். “காலைல கண்ணு முழிக்காமயே போயிட்டா தேவலன்னு இருக்குதுங்க,” என்று சொல்லி அழுதுவிட்டேன். சபீனாவிடம்கூடச் சொல்லாதது அது.

தர்மபுரியில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது.

“என்னையப் பைத்தியம்ங்கறீங்களா?”

“அங்க குடுக்கற மாத்திரைய நானே ரெண்டு வருஷம் சாப்ட்டேன் பாய். அப்பவும் உங்களுக்கெல்லாம் ஊசி போட்டுட்டுதான இருந்தேன்?”

வியாழக்கிழமை உங்கள் காரிலேயே எங்கள் இருவரையும் அழைத்துப் போனீர்கள். பிரியாணிக்கு எந்த அரிசி நல்லது என்று வழிநெடுக நீங்களும் சபீனாவும் சண்டை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்குப் பசித்தது.

மெல்லத் தேறினேன். கிளினிக் பக்கம் போவதும் குறைந்தது. ஒருநாள் குக்கர் வாங்குகிற சாக்கில் கடைக்கே வந்து, “என்ன பாய், ஆளையே காணோம்? நல்லா இருக்கறப்பவும் வந்து சொல்லிட்டுப் போங்க,” என்று கடிந்துகொண்டீர்கள். அதன்பின் மாதம் ஒருமுறை வருவேன். ஒரு நோவும் சொல்லாமல் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். உங்களுக்குப் புற்றுநோய் என்பதை மட்டும் கடைசிவரை நீங்கள் என்னிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் இடத்துக்கு இளம் டாக்டர் ஒருவர் வந்திருக்கிறார். போன வாரம் காய்ச்சலுக்குப் போனபோது, “வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் கடைவீதிக்காரர்கள் நாலைந்து பேர். முன்பென்றால் பிரஷருக்கு என்று சொல்லியிருப்பேன்.

“மனசுக்கு ஒண்ணு சாப்பிடறேங்க,” என்றேன், குரலைத் தாழ்த்தாமல்.

வெளியே வந்ததும் அரிசிக் கடைக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

“பாய், அது எந்த டாக்டருங்க?”