திங்கட்கிழமைச் சிரிப்பு

வாத்தோடு ஓடிப்போன என் வீட்டுக்காரருக்கு,

இரண்டு வருஷம் கழித்து நம் ஊர் ஸ்க்ரான்டனுக்கு வந்திருக்கிறீர்கள், அதுவும் மேடை வழியாக. இந்தப் பல்சுவைக் கொட்டகையைப் பெருக்குவது நான்தான் என்று உங்களுக்குத் தெரியாது. எங்கள் ஹாப்வுட் முதலாளிக்குச் சிரிப்பே வராது. அதனால் திங்கட்கிழமை முதல் காட்சிக்கு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். நான் சிரித்த ஆட்டம் வாரம் முழுக்க ஓடும். சிரிக்காவிட்டால், வாசலில் மாட்டிய படத்தைக் கழற்றி ஆட்டக்காரர் கையில் கொடுத்து அன்றைக்கே ரயிலேற்றிவிடுவார்.

இன்று நீங்கள் வாத்தோடு மேடையில் வந்து நின்றதுமே விழுந்து விழுந்து சிரித்தேன்.

"அந்தாளு இன்னும் வாயே தொறக்கலியேம்மா," என்றார் முதலாளி.

"வாத்தப் பாருங்க முதலாளி. கட்டுனவள விட்டுட்டு வந்த ஆம்பள மாதிரியே முழிக்குது."

உங்கள் படம் தப்பித்தது. உண்மையைச் சொன்னால் ஆட்டம் சகிக்கவில்லை. வாத்து பரவாயில்லை, நீங்கள்தான் கத்துகிறீர்கள்.

அடுத்த வாரமும் உங்களை வைத்துக்கொள்ளலாமா என்று சனிக்கிழமை முதலாளி என்னைக் கேட்பார். என் பதில், இன்று சாப்பாட்டுக்கு நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வீடு அதே வீடுதான். வாத்தையும் கூட்டி வாருங்கள். அதனிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், அடுப்பில் இருப்பது ஆட்டுக்கறி.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்துக்குச் சிரித்த ஒரே ஆள்