பென்சில் டப்பாவில் இருந்த முட்டை

என் கெம்பம்மாவுக்கு,

தளியில் குளிர் ஆரம்பித்துவிட்டதாம். உன் வீட்டுக்காரரை நேற்று ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். பீன்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறது, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கூடை அனுப்பட்டுமா என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன். நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது.

மதியம் பிள்ளைகள் வரிசைக்கு நடுவில் நீ தட்டோடு உட்காருவாயே, அந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை. தமிழோ தெலுங்கோ, எந்தப் பிள்ளையாக இருந்தாலும், சாப்பிட்டாச்சா என்பதை "ஊட்டா ஆயிதா?" என்று உன் கன்னடத்திலேயே கேட்பாய். நான் ஆபீஸ் அறையில் என் டிபன் பாக்ஸைத் திறந்தபடி, டீச்சர் மாதிரியா இருக்கிறாள் இவள் என்று கிண்டல் செய்வேன்.

நந்தினியை ஞாபகம் இருக்கிறதா? உன் இரண்டாம் வகுப்பில் இருந்தவள், இப்போது என்னிடம் மூன்றாவது படிக்கிறாள். அவளை நினைத்தால் மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்த வருஷம் நான் பாக்கெட் தீனிக்கு எதிராக வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். முட்டை சாப்பிட்டால் ரத்தம் ஊறும், பாக்கெட் தீனி வயிற்றை ஏமாற்றும் என்று தினமும் எல்லாரையும் சொல்ல வைத்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவள் நந்தினிதான். ஆனால் பள்ளியில் காலையில் போடும் உப்புமாவை மட்டும் தொடமாட்டாள். வீட்டிலேயே கிரீம் பிஸ்கட் தின்றுவிட்டு வருவாள்.

போன வாரம் விளையாட்டு பீரியடில் மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் பாட்டிலைத் தேடி அவள் பையைக் கவிழ்த்தேன். பென்சில் டப்பாவுக்குள் நோட்டுத் தாளில் சுற்றி, மதியம் கொடுத்த முட்டை இருந்தது. மயக்கம் தெளிந்ததும் ஏன் சாப்பிடவில்லை என்று அதட்டினேன்.

"அம்மாவுக்கு ரத்தம் கம்மின்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க டீச்சர். முட்டை சாப்பிட்டா ஊறும்னு நீங்கதானே சொன்னீங்க?"

முட்டையை எடுத்து வைத்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸை வரச் சொன்னேன்.

நர்ஸ் பார்த்துவிட்டு, பிள்ளைக்கும் ரத்தம் குறைவாகத்தான் இருக்கிறது என்றார். சாயங்காலம் அவள் அம்மா கம்பெனி யூனிபாரத்தோடு ஓடிவந்தாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறுகிறவள். அங்கே டீ நேரத்தில் கொடுக்கும் பிஸ்கட்டைத்தான் மகளுக்கென்று பத்திரப்படுத்திக் கொண்டுவருகிறாளாம். அவள் டீயோடு சரி. அதைப் போய்க் கொடுக்காதே என்றேன், கொஞ்சம் கடுப்போடுதான்.

"நான் திங்காம எடுத்துனு வரது டீச்சர் அது. நான் போவசொல்ல அவ தூங்கினு இருப்பா. கண்ணு முழிச்சா அம்மா வெச்சதுன்னு ஏதாச்சும் பக்கத்துல இருக்க வேணாமா?" என்றாள். முட்டையைக் காட்டினேன். ஸ்கூலில் இரண்டு கொடுக்கிறார்கள் என்று மகள் சொன்னாளாம். "தெரியாம நானும் தின்னுட்டேனே," என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கெம்பம்மா, நீ இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவளுக்கு, முட்டை வாய்க்குப் போகிறதா டப்பாவுக்குப் போகிறதா என்று தெரியாமலா இருக்கும்?

இனிமேல் டீ நேரத்து பிஸ்கட்டை அம்மா அங்கேயே சாப்பிட வேண்டும், முட்டையை மகள் இங்கேயே சாப்பிட வேண்டும் என்று இருவரிடமும் வாக்கு வாங்கினேன். இன்று மதியம் போய்ப் பார்த்தால் முட்டை தட்டிலேயே கிடக்கிறது. அம்மா இந்நேரம் பிஸ்கட்டைச் சாப்பிட்டிருக்குமா என்று நந்தினி கேட்டாள். கம்பெனிக்குள் போன் விடமாட்டார்கள். சாப்பிட்டிருப்பாங்க என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு ஊட்டா ஆயிதா டீச்சர்?" என்றாள்.

இல்லை என்றேன். நகர்ந்து இடம் விட்டாள். உன் இடம்தான் அது. முழங்கால் வலியோடு மெல்ல உட்கார்ந்தேன். பாதி முட்டையைத் தின்றாள். மீதியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிடுங்கவா முடியும்?

நாளையிலிருந்து எனக்கும் தட்டு அங்கேதான். அந்த மீதிப் பாதியும் அவள் வாய்க்குப் போகிறவரை எழுந்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன்னோடு பிறக்காத உன் அக்கா,
வசந்தா