சோதிக்காமல் போன இறுவட்டு

இன்று காலை ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில் இரண்டு வரி மாற்றினேன். இனி, புரோகிராமைக் கணினியில் ஏற்றும் இன்ஸ்டோலரைக் கட்டி அனுப்ப வேண்டியதுதான். மௌஸில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருடம் இந்த வேலை எனக்குச் சோறு போட்ட பிறகும் இந்தப் பயம் போகவில்லை. இதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது. நீ உயிரோடு இருக்கும்போதோ சொல்லவில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன அடுத்த மாதங்களில், மட்டக்களப்பு வாவிக்கரை அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே மேசை. முகாம்களில் குடும்பங்களைப் பதிய ஒரு புரோகிராம் எழுதினோம். படிவத்தின் எந்தக் கட்டத்தில் எது நிரம்ப வேண்டும் என்பது இதே மாதிரி ஒரு எக்ஸ்.எம்.எல். கோப்பில்தான் இருந்தது. அதில் ஒரு புள்ளி மாறினாலும் நீ விடமாட்டாய். கணினியில் ஏற்கெனவே ஓடுகிற புரோகிராமுக்குள் புதிய கோப்பைப் போட்டு, ஒரு குடும்பத்தை முழுதாகப் பதிந்து பார்ப்பாய். பிறகுதான் இன்ஸ்டோலர், பிறகுதான் முகாம்களுக்கு அனுப்பும் சீ.டி. இறுவட்டு. எனக்கு எரிச்சலாக வரும். கோப்பு பிழையில்லாமல் திறக்கிறதே, போதாதா என்பேன்.

"திறந்தாக் காணுமா கா? ஆளப் போட்டுப் பாரு" என்பாய்.

ஒரு நாள் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மாற்றம் வந்தது. வீட்டு உரிமையாளர் என்ற கட்டம் குடும்பத் தலைவரின் பெயரைத் தானாக எடுத்துக்கொள்ள வேண்டுமாம். மாற்றியது நான். மத்தியானம் நீ வந்து, வழக்கம்போல உன் குடும்பத்தையே பதிந்தாய். தலைவர் அப்பா. உடனே உரிமையாளர் இடத்திலும் அவர் பெயர் வந்து நின்றது. நம் பக்கத்தில் வீடும் அது நிற்கிற வளவும் தாய் மகளுக்குக் கொடுப்பதல்லவா? கொழும்பில் இருந்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரியும், நானே என் அம்மாவின் வீட்டில்தான் குடியிருந்தேன். கோப்பு திறக்கிறதா என்று மட்டும் பார்த்தவளுக்கு அது கண்ணில் படவில்லை.

"எங்கட அம்மாட ஊட்ட இது அப்பாக்கு எழுதிட்டு" என்றாய். "நல்ல காலம், இன்னும் அனுப்பல்ல."

நான் ஓம் என்றேன். பொய். காலையில் வடக்கே வாகரை முகாமுக்குப் போகும் வாகனம் வாசலில் நின்று அவசரப்படுத்த, ஒரு இறுவட்டைக் கொடுத்தனுப்பியிருந்தேன். அடுத்த வாகனம் சோதனைச் சாவடியைத் தாண்ட எட்டு நாளானது. அதில் திருத்திய இறுவட்டைச் சத்தமில்லாமல் வைத்தேன். ஏற்கெனவே பதிந்ததை அது மாற்றாது என்று தெரிந்தும், எத்தனை குடும்பம் பதிந்தார்கள் என்று கேட்கவில்லை. நீயோ புதிதாக வந்தவர்களிடமெல்லாம் என்னைக் கவனமான ஆள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

பிறகு வாகரையில் சண்டை. சனம் மறுபடியும் மூட்டை கட்டியது. முகாமில் பதிந்த கடதாசியெல்லாம் அழிந்திருக்கும் என்று நினைத்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. சண்டை முழுதாக முடிந்த வருடம் டெங்குக் காய்ச்சல் உன்னை ஆறே நாளில் கொண்டுபோனது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தபோதுகூட இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வருடம் வேலையாக வாகரைக்குப் போனேன். ஒரு பெண், முகாம் பதிவை வைத்து எழுதிக் கொடுத்த தன் வீட்டுப் பத்திரத்தை நீட்டினாள்.

"அம்மா எனக்குத் தந்த வளவு மிஸ். இவர்ட பேர் இதில எப்பிடி வந்த?"

புருஷன் வேறு ஊரில் வேறு குடும்பமாகி, இப்போது அதை விற்கக் கேட்கிறாராம். பத்திரத்தில் குறித்திருந்த முகாம் பதிவுத் திகதி அந்த எட்டு நாளுக்குள் இருந்தது. பதிந்தவர்கள் பிழை விட்டிருப்பார்கள் என்று சொன்னேன். அரசாங்கக் கந்தோர் கந்தோராக அவளோடு அலைந்து அதைத் திருத்தினேன். அவள் என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள்.

அந்த எட்டு நாளில் பதிந்த மற்றவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியாது. அன்றே சொல்லியிருந்தால் நீ கத்தியிருப்பாய். கத்திவிட்டு அடுத்த வாகனத்தில் நீயே ஏறிப் போய், ஒவ்வொரு பெயராகப் பார்த்துத் திருத்தியிருப்பாய். உன்னிடம் ஒரு மத்தியானம் ஏச்சு வாங்கப் பயந்தேன், அவ்வளவுதான். இப்போதும் அந்தப் பக்கம் போனால் பெண்கள் பத்திரத்தோடு வருகிறார்கள். அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று காதில் விழுவதற்கு முன், நான் திகதியைப் பார்க்கிறேன்.