இரண்டு பித்தளை உறைகள்

சிராங்கூன் சாலையில் ஒரு பாத்திரக்கடை வாசலில் குத்துவிளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பித்தளை வாடை அடித்தது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். உனக்கு இது புரியும். துப்பாக்கி சுட்டதும் தெறித்து விழும் தோட்டா உறைகளை நுண்ணோக்கியில் அருகருகே வைத்து, இரண்டும் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்தவையா என்று சொல்வதுதானே நம் பிழைப்பு.

நம் ஆய்வகத்தில் ஒருவரின் முடிவை மற்றவர் சரிபார்க்க வேண்டும். முதல் முடிவு என்னவென்று தெரிந்துகொண்டேதான் எல்லோரும் சரிபார்த்தோம். உனக்கு அது பிடிக்காது. "விடையைக் காட்டிட்டுக் கணக்குப் போடச் சொன்னா யாருக்குடி தப்பும்?" என்பாய்.

ஒருநாள் பயிற்சிக்கென்று ஒரு ஜோடி உறைகளைக் கொடுத்தாய். ஒரே துப்பாக்கி என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா லா. உனக்கு வேற வேலை இல்ல?"

"இதே ஜோடியைப் பொங்கலுக்கு முன்னாடி வேற கவர்ல போட்டுக் குடுத்தேன். அப்போ வேற வேற துப்பாக்கின்னு சொன்ன."

நீ சிரிக்கவில்லை. நான் வாங்கி வைத்திருந்த தோசை ஆறிப்போயிற்று. இரண்டு முறையும் ஒரே உறுதியோடு சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்து பித்தளை வாடை அடித்தாலே நின்றுவிடுகிறேன்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகு என்னைச் சோதிக்க யாரும் இல்லை. இன்று காலை என் மேசைக்கு ஒரு ஜோடி வந்தது. பயிற்சி அல்ல, வழக்கு. ஒருவர் காவலில் இருக்கிறார். ஓர் உறை சம்பவ இடத்தில் கிடைத்தது, மற்றது அவருடைய துப்பாக்கியைச் சோதனைக்காகச் சுட்டு எடுத்தது. சுட்டது அவர்தான் என்றால் இந்த ஊரில் தூக்கு. பார்த்தவுடன் 'ஒரே துப்பாக்கி' என்று தோன்றியது. அத்தனை சீக்கிரம் தோன்றியதே பயமாக இருந்தது. பக்கத்து மேசைக்காரரிடம் உறைகளைக் கொடுத்தேன்.

"நீங்க என்ன பார்த்தீங்க மேடம்? சொன்னா நேரம் மிச்சம்."

"சொல்லமாட்டேன்."

என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் ரயிலேறி லிட்டில் இந்தியாவுக்கு வந்தேன். அந்தப் பாத்திரக்கடை வாசலிலேயே அவருடைய அழைப்பு வந்தது.

"எனக்கு உறுதியாச் சொல்ல முடியல மேடம். உங்களுக்கு ஒரே துப்பாக்கின்னா நானும் கையெழுத்துப் போட்டுடுறேன் லா."

எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார், பார்.

"போடாதீங்க," என்றேன். "முடிவுக்கு வர முடியலைன்னே எழுதுவோம்."

என் கண் கண்டது சரியாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் சுட்டவர் தப்பிவிடுவார். அந்தப் பயத்துக்கு என்னிடம் மருந்தில்லை. நுண்ணோக்கியில் குனியும்போதெல்லாம் உன் குரல் காதருகே கேட்கிறது, "சத்தியமா?"

உறைகளை முதலிலிருந்து மறுபடி பார்க்கிறேன்.