தை மாதத்துத் தேங்காயெண்ணெய்

மார்கழி (டிசம்பர்) 9, செவ்வாய்

சுரேஸ் இன்று என் கராஜுக்கு வந்தான். இத்தனை வருடமாக இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். அவனுடைய அப்பாவின் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"மச்சான், எஞ்சின் எல்லாம் செய்தாச்சு. வைப்பர் மட்டும் ஓடுதில்லை. தையிலை மகளுக்குக் கலியாணம். உதிலை ஏத்தித்தான் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோகப்போறன்."

மச்சானாம்!

"கரண்ட் மோட்டர் ஒண்டைப் பூட்டிவிடு" என்றேன்.

"சீ, அப்பர் ஓடின மாதிரியே இருக்கவேணும். இதுக்கு உன்னை விட்டால் ஆர் இருக்கினம்?"

"விட்டிட்டுப் போ" என்றேன். ஏன் சொன்னேன்? துரத்தியிருக்கலாம். துரத்தினால் அவனுக்கு ஒன்றும் நோகாது, அதனால்தான்.

மார்கழி 10

அந்த நாளில் தயாளினியை எனக்குக் கலியாணம் பேசி, குறிப்புப் பொருந்தி, நாளும் பார்த்தாகிவிட்டது. அப்போது அவள் வீட்டுக்குப் போய், "மயூரதனுக்கு வலிப்பு, கராஜிலை விழுந்து கிடந்தவனை நான்தான் தூக்கினனான்" என்று சொன்னவன் இந்தச் சுரேஸ். நானும் அவனும் ஒரே முதலாளியிடம் வேலை பழகியவர்கள். ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள். நான் ஒருநாளும் விழவில்லை. தடிமனைத் தவிர எனக்கு ஒரு நோய் வருத்தமும் வந்ததில்லை.

கலியாணம் நின்றது. அடுத்த வருடம் அவனே அவளைக் கட்டினான். எனக்குப் பிறகு ஒரு இடமும் சரிவரவில்லை. வலிப்புக்காரன் என்ற பேர் எனக்கு முன்னே போய் ஒவ்வொரு வீட்டிலும் குந்திக்கொண்டது. இன்று எனக்கு நானே சோறு வடிக்கிறேன். அவன் மகளுக்குக் கலியாணம் செய்கிறான்.

இன்னும் மச்சான் என்கிறான். வெக்கம் கெட்டவன்!

மார்கழி 14, ஞாயிறு

கோபம் வேறு, வேலை வேறு. வைப்பர் மோட்டர் இரண்டையும் கழற்றினேன். கண்ணாடிச் சட்டத்தின் மேலே, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும். கரண்ட் கிடையாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையை ஒரு றப்பர் குழாய் மேலே கொண்டுபோகும், அந்த இழுவையில் உள்ளே இருக்கும் தகடு அங்குமிங்கும் ஆடும், அதோடு வைப்பரும் ஆடும். அக்சிலேட்டரை மிதித்தால் இழுவை குறைந்து வைப்பர் சோர்ந்துபோகும். காலை எடுத்தால் துள்ளி ஓடும். இதை ஓட்டுகிறவன் கண்ணால் பாதி, காலால் பாதி ரோட்டைப் பார்க்கவேண்டும்.

உள்ளே கிறீஸ் மெழுகாகிக் கிடந்தது. தகட்டு விளிம்பில் உள்ள தோல் அப்பளமாய்ப் போயிருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி வைத்தேன். சைக்கிள் பம்புக்குப் போடும் தோலில் புது விளிம்பு வெட்டவேண்டும்.

மார்கழி 19

தோல் வெட்டியாகிவிட்டது, நன்றாகப் பொருந்துகிறது. இனி எண்ணெயில் ஊறவைத்து, உள்ளேயும் எண்ணெய் பூசி மூடவேண்டியதுதான். ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைக் கையில் எடுத்தேன். எடுத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

ஒன்றும் கிடைக்காத சண்டைக் காலத்தில் இதே மாதிரி ஒரு மோட்டருக்கு, அகப்பட்டதை விட்டு மூடுவோம் என்று தேங்காயெண்ணெய் விட்டோம். விட்டவன் சுரேஸ். மத்தியானம் அருமையாக ஓடியது. விடிய, மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து அசையவே இல்லை. முதலாளி இரண்டு பேரின் காதையும் திருகினார். அவன் இப்போது ஹாட்வெயார்க் கடை முதலாளி. அதெல்லாம் அவனுக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது?

முகூர்த்தம் விடிய. தை மாதம். பனி கண்ணாடியில் வழியும்.

ஆமணக்கெண்ணெயைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டு, சமைக்கிற எண்ணெய் எடுக்கக் குசினிக்குப் போனேன்.

மார்கழி 22, திங்கள்

நல்ல வெயிலில் அவனை வரச்சொல்லி ஓட்டிக் காட்டினேன். வைப்பர் இரண்டும் சோடியாக ஆடின. சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினான்.

"கை எண்டால் இதுதான் கை!"

சிரித்தேன். அவனைப் பார்த்து நான் சிரித்ததை அவன் மரியாதை என்று நினைத்திருப்பான்.

தை (ஜனவரி) 15, பொங்கல்

விடிய எழும்பியதும் முதல் வேலையாகக் குசினிப் போத்தலைப் பார்த்தேன். எண்ணெய் வெள்ளையாய் உறைந்திருந்தது. பொங்காமலே வயிறு நிறைந்தது.

தை 27, செவ்வாய்

பின்னேரம் சுரேஸ் போன் எடுத்தான். "மச்சான், நாளைக்கு ஜீப்பை நீதான் ஓடவேணும். எங்கை மிதிக்கிறது, எங்கை காலை எடுக்கிறது எண்டு மற்றவனுக்குத் தெரியாது."

சாரதி இடத்தில் நானே இருந்தால் என் பேரும் அல்லவா கெடும்? கெடட்டும். பழைய சாமான் என்று சொல்லிவிடலாம். பட்டுவேட்டியோடு அவன் ரோட்டில் முழிக்கும் முழியைப் பக்கத்தில் இருந்தே பார்க்கக் கிடைக்கிறதே!

"ஓம், வாறன்" என்றேன்.

தை 28, புதன்

இன்று நடந்ததை எழுதிவைக்கவேண்டும்.

விடியமுதல் கரவெட்டியில் அவன் வீட்டிலிருந்து வெளிக்கிட்டோம். சுரேஸ் எனக்குப் பக்கத்தில். பின்னால் தயாளினியும் கலியாணப் பொம்பிளையும். நிவேதனா, தாயின் அதே முகம். உடுப்பிட்டிக் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். வயல் றோட்டில் ஏறியதும் பனி கண்ணாடியை மூடியது. வைப்பரைத் திறந்தேன். ஒரு தரம் முனகியது, பாதியில் நின்றுவிட்டது. காலை முழுதாக எடுத்துப் பார்த்தேன், நல்லவன் மாதிரி. அசையவில்லை. இரண்டு பக்கமும் வயல் வாய்க்கால். ஒன்றும் தெரியவில்லை. ஜீப்பை நிறுத்தினேன்.

பின்னால் வந்த வாகனங்கள் பாம் பாம் என்று கோண் அடித்தன. சொந்தக்காரர் இறங்கி ஓடிவந்தார்கள். "உவன் என்னத்தைத் திருத்தினவன்?" என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார்.

அப்போது சுரேஸ் இறங்கினான். தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தான்.

"அவனிலை பிழை இல்லை. சாமான் பழசு" என்று கிழவருக்குச் சொன்னான். பிறகு என்னிடம், "மெல்ல உருட்டு மச்சான், நான் துடைச்சுக்கொண்டு வாறன்."

கோயில் வரைக்கும் அப்படியே வந்தான். சகதியில் பட்டுவேட்டி நனைய, ஜீப்போடு நடந்து, நடந்து, துடைத்துத் துடைத்து. நான் கேட்டதைவிடக் கூடவே கிடைத்தது. பெண்ணைப் பெற்றவன் எனக்குக் கண்ணாடி துடைக்கிறான்! சந்தோசம் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன்.

தாலி கட்டி முடிந்தது. நான் உள்ளே போகவில்லை. ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றேன். வெயில் ஏறி, மோட்டர் மூடியின் ஓரத்தில் எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. தயாளினி தனியாக வந்தாள். கசிந்ததை விரலில் தொட்டு மணந்து பார்த்தாள்.

"தேங்காயெண்ணெய்" என்றாள்.

கையிலிருந்த துணியால் கசிவைத் துடைக்கப் போனேன்.

"வலிப்பு எண்டு சொல்லச் சொன்னது நான். எனக்கு அவரிலைதான் விருப்பம். அப்பாவுக்குச் சொல்லப் பயம். அவர் மாட்டன் எண்டுதான் நிண்டவர், நான்தான் அழுது சொல்ல வைச்சனான். பிறகு உங்களிட்டை வந்து உண்மையைச் சொல்லப்போறன் எண்டு வெளிக்கிட்டவரையும் நான்தான் மறிச்சனான். உந்தக் கோவத்தை என்னிலை வையுங்கோ."

சொல்லிவிட்டு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

தை 29

வேலை செய்யவில்லை. அவள் என்னை வேண்டாம் என்றிருக்கிறாள், அவ்வளவுதானா விசயம்? அதை நேரே சொல்லியிருந்தால் நான் என்ன விழுங்கியா இருப்பேன்? சொன்னது அவன் வாய்தானே. அதை நான் விடமாட்டன். என்ரை வாழ்க்கையெல்லோ போனது!

ஆனால் இத்தனை வருடமும் நான் காறித் துப்பியதெல்லாம் அவன் ஒருவனில்தான். அவன் ஒரு தரமாவது "நான் இல்லை, அவள்" என்று சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

மாசி 2, திங்கள்

சுரேஸ் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டான். "ஆறுதலாய்ப் பார்" என்றான். எதைப் பார்க்கவேண்டும் என்று சொல்லவில்லை.

மாசி 4

இரண்டு மோட்டரையும் திறந்து, துளி எண்ணெய் இல்லாமல் கழுவினேன். தோலை ஆமணக்கெண்ணெயில் ஊறப்போட்டேன்.

மாசி 6, வெள்ளி

நேற்று முழு இரவும் ஜீப்பைப் பனியில் விட்டிருந்தேன். விடிய ஸ்டார்ட் பண்ணினேன். வைப்பர் இரண்டும் ஓடின.

வெளிச்சம் வந்த பிறகு சுரேஸ் வந்தான். கண்ணாடிக்கு முன்னால் நின்று, வைப்பர் ஆடுவதைக் கொஞ்சநேரம் பார்த்தான். கைதட்டவில்லை.

"எண்ணெயை மாத்திப்போட்டியோ?" என்று கேட்டான்.

எண்ணெயைப் பற்றி நான் அவனிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. தயாளினி சொன்னாளா என்று கேட்டேன்.

"அவளேன் சொல்லவேணும்? வயல் றோட்டிலை நிக்கேக்கையே முதலாளி திருகின காது நொந்தது" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினான்.

"மாத்தியாச்சு" என்றேன். தேத்தண்ணி வைக்க உள்ளே போனேன். இரண்டு கோப்பை எடுத்தேன்.